கடைசித் தொட்டியில் தண்ணீர் ஏறிய நாள்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் இன்னொரு டீ வேண்டும் என்று கேட்கவே கூச்சப்படுகிறவன். முதுகெலும்பு தேய்ந்துவிட்டது என்று டாக்டர் சொன்னதால் ஓய்வு வயதுக்கு முன்பே வேலையை விட்டு வந்தவன். "நீங்க எழுதி யாரு படிக்கப்போறா?" என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

ஆனால் போன வாரம், குடிநீர்க் குழாய் வேலையில் புதிதாகச் சேர்ந்த உங்களில் இரண்டு பேர் ஸ்ரீரங்கத்தில் என் வீட்டுக்கு வந்தீர்கள். பேச்சுவாக்கில் ஒருவர் கேட்டார்: "அண்ணே, சோதனை ஓட்டம் அன்னிக்கு வழியில இருக்கிற கிளை எல்லாத்தையும் அடைச்சு வெச்சுட்டா கடைசி வரைக்கும் தண்ணி ஜம்முனு போயிடும்ல? எல்லாரும் அப்படித்தானே செய்யறாங்க?"

காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். நீங்கள் போன பிறகு வெகுநேரம் அதே நினைவாக இருந்தேன். இது அந்தக் கேள்விக்கான பதில். குழாய் இணைப்பது, கசிவு கண்டுபிடிப்பது போன்றவற்றை எழுதப்போவதில்லை. அவற்றைச் சொல்லித்தர உங்களுக்கு ஆட்கள் இருக்கிறார்கள்.

நான் கடைசியாக வேலை பார்த்தது ஒரு கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில். கொள்ளிடத்து மணலுக்கு அடியில் கிணறு எடுத்து, அந்தத் தண்ணீரைப் பம்ப் வைத்து வடக்கே தள்ளுவார்கள். ஒரே பெரிய குழாய். திருவெள்ளறை தாண்டி, துறையூரும் தாண்டி, மலையடிவாரம் வரை போகும். வழியில் உள்ள ஊர்களுக்கு ஆங்காங்கே கிளை பிரியும். ஊருக்கு ஒரு மேல்நிலைத் தொட்டி. கடைசியில் ஓர் ஊர், மேட்டில் இருக்கிறது. அதன் பெயரை இங்கே எழுத மனமில்லை. எங்களுக்குள் அதைக் 'கடைசித் தொட்டி' என்றுதான் சொல்வோம்.

அந்த மேட்டுக்கு இங்கிருந்து தள்ளும் வேகம் போதாது. திட்டம் போட்டபோதே இது தெரியும். அதனால் நடுவழியில் ஒரு பூஸ்டர் நிலையம் வரைபடத்தில் இருந்தது. வந்த தண்ணீரைத் தேக்கி, இன்னொரு மோட்டார் வைத்து மறுபடி தள்ளிவிடும் இடம் அது. பணம் ஒதுக்கும் இடத்தில் அதை மட்டும் எடுத்துவிட்டார்கள். "முதலில் ஓட்டிப் பாருங்கள். கடைசித் தொட்டியில் ஏறவில்லை என்றால் பூஸ்டர் தருகிறோம்" என்று முடிவாயிற்று.

ஆக, சோதனை ஓட்டத்தில் தண்ணீர் ஏறாவிட்டால் பூஸ்டர் வரும். பூஸ்டர் வந்தால் அந்த ஊருக்கு நிரந்தரமாகத் தண்ணீர் வரும். ஏறிவிட்டால் பூஸ்டர் கிடையாது. விஷயம் இவ்வளவுதான். கேட்கச் சுலபமாக இருக்கிறது.

எங்களுக்கு ஓர் உதவிப் பொறியாளர் மேடம் இருந்தார். என்னைவிட இருபது வயதுக்கு மேல் சின்னவர். இந்தத் தொழிலில் நான் கற்றதில் பாதி அவரிடம்தான் கற்றேன். குழாயைப் பற்றிச் சொல்லவில்லை. கூட்டத்தில் எப்படி நிதானமாக இருப்பது, தெரியாததைத் தெரியாது என்று எப்படிச் சொல்வது, இவற்றை. ஓட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அண்ணா, ஒரு வால்வையும் தொடாதீங்க. தினமும் எப்படி ஓடுமோ அப்படியே ஓடட்டும். தண்ணி ஏறாது. ஏறலங்கிறத பணம் ஒதுக்குற பெரிய அதிகாரியே வந்து கண்ணால பாக்கட்டும்."

"ஊர்க்காரங்க கோவிச்சுப்பாங்களே மேடம். ரொம்ப நாளா எதிர்பார்த்துக்கிட்டு இருக்காங்க."

"ஒரு நாள் கோவிச்சுக்கட்டும். பூஸ்டர் வந்தப்பறம் அவங்களே புரிஞ்சுப்பாங்க. ஆனா இப்ப யாருகிட்டயும் சொல்லிடாதீங்க. நாமளே வேணும்னு ஏறவிடாம பண்ணிட்டோம்னு பேச்சு வந்துடும்."

அவர் சொன்னது சரிதான். இன்றைக்கும் அதில் தப்புக் கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை. நான் பொதுவாகவே வாய் திறக்காதவன். யாரிடமும் சொல்லாமல் இருப்பது எனக்குக் கஷ்டமான காரியமே இல்லை.

அந்த நாள் காலையில் நான் திருவெள்ளறைக்கு வடக்கே ரோட்டோரத்தில் நின்றுகொண்டிருந்தேன். கொள்ளிடக் கரைப் பம்ப் ஹவுஸில் காதர் பாய் மோட்டாரைப் போட்டுவிட்டார். அவர் பாலக்கரைக்காரர். ரொம்ப நாள் சவூதியில் கடல் தண்ணீரைக் குடிநீராக்கும் ஆலையில் இருந்துவிட்டு வந்தவர். மோட்டார் சத்தத்தில் பேசிப் பேசி, வீட்டிலும் கத்தித்தான் பேசுவார். சற்று நேரத்தில் போன் வந்தது.

"தம்பி! பிரஷர் முள்ளு மேல போகுது!"

"எவ்வளவு பாய்?"

"எவ்வளவா? இப்படியே போனா கண்ணாடிய ஒடச்சுக்கிட்டு வெளிய வந்து எனக்கு சலாம் வைக்கும். எங்கேயோ அடைச்சிருக்கானுங்க. நீங்க எதாவது திருகினீங்களா?"

"நான் தொடவே இல்லையே."

"அப்ப உங்க ஜின்னு யாராவது தொட்டிருக்கும். போய்ப் பாருங்க. சவூதியில நாங்க கடலையே குடிக்க வெச்சோம், இப்படி ஒரு முள்ளு ஆடிப் பாத்ததில்ல."

வண்டியை எடுத்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போனேன். தொட்டிக்குக் கீழே அந்த ஊர்த் தொட்டி ஆப்பரேட்டர் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். தொட்டிக்குத் தண்ணீர் ஏறும் வால்வை இறுக்கமாக மூடி, கைப்பிடியில் ஒரு துண்டைச் சுற்றி வைத்திருந்தார். யாரும் மறந்துபோய்த் திறந்துவிடக் கூடாதாம்.

"என்னங்க இது?"

"இன்னிக்கு எங்க ஊருக்குத் தண்ணி வேணாம்ணே."

"யாரு சொன்னது?"

"நேத்து மலர்க்கொடி வந்துச்சு."

மலர்க்கொடி கடைசி ஊரின் வார்டு உறுப்பினர். அவரை எனக்குத் தெரியும். குழாய் பதிக்கும்போது எங்கள் ஆட்களுக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தவர். முதல் நாள் அவர் ஒரு லோடு வண்டியில் ஏழெட்டுப் பெண்களை ஏற்றிக்கொண்டு, வழியில் உள்ள ஊர்களுக்கெல்லாம் போயிருக்கிறார். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், மஞ்சள் வைத்து, காப்புக் கட்டுக்கு அழைப்பதுபோல ஒவ்வொரு ஊரையும் அழைத்திருக்கிறார். எங்கள் ஊருக்கு முதன்முதலாகத் தண்ணீர் வரப்போகிறது, ஒரு நாள் மட்டும் உங்கள் தண்ணீரை எங்களுக்கு விட்டுக்கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார்.

"போன திருவிழாவுக்கு அந்த ஊர்க்காரங்க எங்கள அழைக்கவே இல்ல" என்றார் ஆப்பரேட்டர். "அந்தக் கோவம் இங்க எல்லாருக்கும் இருக்கு. ஆனா வெத்தல பாக்கோட பொம்பளைங்க வாசல்ல வந்து நின்னா, எப்படிண்ணே முடியாதுன்னு சொல்றது?"

"எத்தனை ஊரு மூடியிருக்காங்க?"

"எல்லா ஊருந்தான். ஒருத்தர் மூடி ஒருத்தர் மூடலன்னா அசிங்கமில்லையா?"

தண்ணீருக்காக ஒருவரை ஒருவர் ஏசிக்கொண்ட ஊர்கள் அவை. கிளை எங்கே பிரிவது என்பதற்கே மாதக்கணக்கில் சண்டை நடந்திருக்கிறது. அவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு நாள் தாகத்தைப் பொறுத்துக்கொள்ள ஒப்புக்கொண்டிருந்தார்கள். என் வேலைக்காலத்தில் இப்படி ஒன்றை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. துண்டை அவிழ்க்கக் கை நீட்டினேன்.

"தொறந்துடுங்க" என்றேன்.

"சொல்லு குடுத்துட்டோம்ணே. ஒரு நாள்தான? பாவம் அவங்க."

மேடத்துக்குப் போன் செய்தேன். அவர் பெரிய அதிகாரியின் காரில், அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்துகொண்டிருந்தார். "சொல்லுங்க அண்ணா" என்றார். "மேடம், எல்லா ஊர்லயும் அடைச்சிருக்காங்க" என்று சொல்ல ஆரம்பித்தேன். "ஓ, வந்துக்கிட்டேதான் இருக்கோம், பக்கத்துல வந்துட்டோம்" என்று யாருக்கோ பதில் சொல்வதுபோல் சொல்லி வைத்துவிட்டார். காற்றுச் சத்தத்தில் நான் பேசியது அவர் காதில் விழவே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது.

அப்போது என் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. அந்த ஊரிலேயே நின்று, சண்டை போட்டாவது ஒரு வால்வைத் திறந்துவிடுவது. அல்லது கடைசி ஊருக்குப் போய் மலர்க்கொடியிடம் விஷயத்தைச் சொல்லி, அவர் வாயாலேயே எல்லா ஊர்களுக்கும் சொல்லவைப்பது. ஓர் ஊரைத் திறந்து பிரயோஜனம் இல்லை என்று தோன்றியது. வண்டியைக் கடைசி ஊருக்கு விட்டேன். போகும் வழியில் ஒவ்வொரு தொட்டிக்கடியிலும் ஆட்கள் என்னைப் பார்த்துக் கை ஆட்டினார்கள். நாங்களும் மூடிவிட்டோம் என்று பெருமையாகக் காட்டினார்கள்.

கடைசி ஊரில் பந்தல் போட்டிருந்தது. ஒலிபெருக்கியில் அம்மன் பாட்டு. புதுப்புடவை கட்டிய பெண்கள். வரிசையாகக் குடங்கள். மலர்க்கொடியைத் தனியாகக் கூப்பிட்டு, எனக்குத் தெரிந்த மாதிரி திக்கித் திணறிச் சொன்னேன். இன்றைக்குத் தண்ணீர் ஏறினால் பூஸ்டர் கிடையாது, அது இல்லாவிட்டால் நாளையிலிருந்து ஏறாது என்று.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏண்ணே, தண்ணி வந்தா தண்ணி வராதுங்கிறீங்களா?"

"இன்னிக்கு வராம இருந்தாத்தாம்மா என்னிக்கும் வரும்."

"அப்படியே வாங்க, ஒண்ணு காட்டுறேன்." என் கையைப் பிடித்து இழுக்காத குறையாகப் பந்தலுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். அங்கே ஒரு பழைய தொட்டி நின்றது. படிக்கட்டு இல்லை. "இது எங்க போர் தண்ணிக்குக் கட்டினது. ஓட்டிப் பாத்தாங்க, ஏறல. சரிப்படாதுன்னு எழுதிட்டு மோட்டாரக் கழட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. அந்தாண்ட பாருங்க, பஸ் நிக்கிற கொட்டகை. ரெண்டு தரம் பஸ் விட்டுப் பாத்தாங்க, ஆளு ஏறலன்னு நிறுத்திட்டாங்க. எங்க ஊர்ல ஒண்ணு சரியா வரலன்னா, சரி பண்ண யாரும் வர்றதில்லண்ணே. கழட்டிக்கிட்டுப் போகத்தான் வருவாங்க."

"மேடம் சொன்னாங்கம்மா. பூஸ்டர் அப்புறம்..."

"அப்புறம்னு எங்ககிட்ட சொன்னதையெல்லாம் அடுக்கி வெச்சா மலைக்குப் படி கட்டிடலாம்" என்றார். பக்கத்தில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். "இன்னிக்கு ஏறட்டும்ணே. ஏறினதக் கண்ணால பாத்துட்டா அந்த அதிகாரியால எப்படி நிறுத்த முடியும்?"

சொல்லிக்கொண்டிருக்கும்போதே கார்கள் வந்துவிட்டன.

தண்ணீர் வந்தது. முதலில் குழாய்க்குள் காற்று உறுமியது. பிறகு செம்மண் கலந்து வந்தது. பிறகு தெளிந்து கொட்டியது. அப்படி ஒரு வேகம். குலவைச் சத்தத்தில் ஒலிபெருக்கியே கேட்கவில்லை. ஒரு வயதான அம்மாள் இரண்டு கையிலும் ஏந்தி, குடிக்காமல் தலையில் ஊற்றிக்கொண்டார். அதிகாரியும் கை நீட்டி ஒரு வாய் குடித்தார். நல்ல மனிதர்தான். அவர் முகத்தில் உண்மையான சந்தோஷம் இருந்தது.

"பிரமாதம் மேடம்! பூஸ்டரே வேணாம் போலிருக்கே. அந்தப் பணத்தை வேற இடத்துக்குக் கொடுத்துடலாம்."

மேடம் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. ஒன்றும் புரியாமல் பார்த்தார்.

நான் பேசினேன். என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்பமாட்டார்கள். அத்தனை கூட்டத்தில், அதிகாரியின் முன்னால் போய், "சார், வழியில எல்லா ஊரும் மூடியிருக்காங்க சார், அதான் ஏறுது" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் குனிந்து, "என்ன?" என்றார். மறுபடி சொன்னேன்.

அவர் மலர்க்கொடி பக்கம் திரும்பினார். "அப்படியாம்மா? எல்லா ஊர்லயும் அடைச்சிருக்கா?"

மலர்க்கொடி என்னைப் பார்க்கவில்லை.

"இல்லீங்க சார். எப்பவும் போலத்தான்."

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க!" என்று கூட்டத்தில் நாலைந்து குரல்கள். "தண்ணி வர்றது இவருக்குப் பொறுக்கல!" என்று ஒருவர். "வேலை முடிஞ்சா சம்பளம் நின்னுடும்ல!" என்று இன்னொருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

அதிகாரியும் சிரித்தார். "மேடம், உங்க ஆளுக்கே உங்க வேலை மேல நம்பிக்கை இல்லையே!"

"சார், ஒரு தடவை போற வழியில நின்னு பாத்துடலாம்" என்றார் மேடம்.

"பாக்கலாம், பாக்கலாம். எனக்குத் திருச்சியில மேம்பால மீட்டிங். ஏற்கெனவே லேட்." மேடம் மறுபடி ஏதோ சொல்லப்போனார். அதற்குள் மாலை போட ஆரம்பித்துவிட்டார்கள். கார்கள் வேறு குறுக்குவழியாகத் திரும்பிப் போயின.

எல்லோரும் போன பிறகு மலர்க்கொடி ஒரு டம்ளரில் பாயசம் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். "கோவிச்சுக்காதீங்கண்ணே. ஆமான்னு சொல்லியிருந்தா, அத்தன ஊரு எங்களுக்காக செஞ்சதக் காட்டிக்குடுத்த மாதிரி ஆயிடும்" என்றார். நான் குடித்தேன். என்ன ருசி என்று தெரியவில்லை.

மேடம் காரில் போகவில்லை. வேலை இருக்கிறது என்று சொல்லி நின்றுவிட்டார். தொட்டிக்கடியில் நின்றபடி நான் எல்லாவற்றையும் சொன்னேன். "நாம அவங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும்" என்றார். பிறகு, "சொல்லியிருந்தா நம்பியிருப்பாங்களா?" என்று கேட்டார். என்னிடம் கேட்டாரா, தன்னிடமே கேட்டுக்கொண்டாரா, தெரியாது.

அதற்குப் பிறகு மேடம் மேலிடத்துக்கு எழுதாத நாள் இல்லை. கோப்பில் 'சோதனை ஓட்டம் வெற்றி' என்று இருந்ததால் எல்லாம் திரும்பி வந்தது. பிறகு அவரை வேறு மாவட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள். வழக்கமான மாறுதல்தான். அந்தப் பூஸ்டர் இன்றுவரை வரவில்லை.

நான் குடியிருப்பது ஸ்ரீரங்கத்தில். எங்கள் தெருவில் ஒரு நாள் தண்ணீர் கலங்கலாக வந்தால் நாலு பேர் போன் செய்கிறார்கள். ஆள் வந்து தோண்டிப் பார்க்கிறான். குழாய் சிறியது என்றால் பெரியது போடுகிறார்கள். இங்கே குறை தெரிந்தால் அரசாங்கம் பணத்தோடு வருகிறது. நானும் மேடமும் அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவர்கள். குறையைக் காட்டினால் போதும், மற்றது தானாக நடக்கும் என்று நம்பினோம். மலர்க்கொடியின் ஊர் பார்த்தது வேறு அரசாங்கம். அங்கே குறை தெரிந்தால் இருப்பதையும் எடுத்துக்கொண்டு போய்விடும். அந்த ஊரில் யார் இருந்திருந்தாலும் மலர்க்கொடி செய்ததைத்தான் செய்திருப்பார்கள். நானும் செய்திருப்பேன்.

திட்டம் போடுகிறவர்கள் பின்தங்கிய பகுதி என்று எழுதுகிறார்கள். பணம், குழாய், ரோடு பின்தங்கியிருப்பது கண்ணுக்குத் தெரிகிறது. நம்பிக்கை எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்பதை எந்த மீட்டரும் காட்டாது. அதைப் போய் உட்கார்ந்து பேசித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மலர்க்கொடி தட்டோடு ஊர் ஊராகப் போவதற்கு முன்னால் நாங்கள் அவர் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். சண்டை போட்டிருப்பார். ஏசியிருப்பார். ஆனாலும் போயிருக்க வேண்டும். தண்ணீர் ஏறவில்லை என்பதை அந்த ஊரே அதிகாரியின் எதிரில் நின்று சொல்லியிருந்தால், அவர் மேம்பால மீட்டிங்குக்கு அவ்வளவு சுலபமாகக் கிளம்பியிருக்க முடியாது.

ஆகவே தம்பிகளே, தங்கைகளே, உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். அடைத்துவிட்டால் தண்ணீர் ஜம்மென்று போகும், உண்மை. குழாய் ஒருமுறை பொய் சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு மனிதன் சொல்லும் நிஜம் எடுபடாது. நான் சொல்லிப் பார்த்தவன். ஓட்டத்துக்கு முன்பே, யாருக்காக ஓட்டுகிறீர்களோ அவர்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். கூச்சமாக இருந்தால் கூச்சத்தோடு சொல்லுங்கள். இதற்கு மேல் சொல்ல எனக்குத் தெரியாது.

சோதனை ஓட்டத்துக்கு மறுநாள் காலையில் வழியில் இருந்த ஊர்கள் தங்கள் வால்வுகளைத் திறந்துகொண்டன. நான் கடைசி ஊருக்குப் போனேன். தொட்டிக்குத் தண்ணீர் ஏறவில்லை. யாரும் என்னோடு சண்டைக்கு வரவில்லை. மதியம் வழக்கமான தண்ணீர் லாரி வந்தது. மலர்க்கொடி முன்னால் நின்று, குடங்களை வரிசையாக விடச் சொல்லிக்கொண்டிருந்தார்.